துளையட்டை விட்டுச் சென்ற எழுத்துவரிசை

எழுத்துகளின் வரிசையை அறிஞரே வகுப்பர் என்று நாம் எண்ணுகிறோம். வாணிபமும் அதனை வகுப்பதுண்டு.

ஆஸ்கி என்னும் பொதுக் குறியீடு அமெரிக்காவில் 1963இல் நியமமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 பெருங்கணினியிலும் அதற்கென ஒரு நிலை அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும் அட்டை வாசிக்கும் பொறிகளும் அச்சுப்பொறிகளும் பழைய முறையையே சார்ந்திருந்தமையால், எப்சிடிக் என்னும் சொந்தக் குறியீடே அரியணை ஏறியது. 1970இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/370இல் ஆஸ்கி நிலையே அகற்றப்பட்டது.

எப்சிடிக்கின் வேர் துளையட்டையில் இருக்கிறது. அட்டையில் ஆங்கில எழுத்துகள் ஒன்பது, ஒன்பது, எட்டு என மூன்று கூட்டங்களாகத் துளைக்கப்பட்டன. அப்பிளவு குறியீட்டிலும் நிலைத்தது: 'ஐ'க்கும் 'ஜே'க்கும் இடையே ஏழு இடங்கள், 'ஆர்'க்கும் 'எஸ்'க்கும் இடையே எட்டு இடங்கள். ஓர் எழுத்தின் எண்ணுடன் ஒன்றைக் கூட்டினால் அடுத்த எழுத்து வரும் என்று நம்பி ஆஸ்கிக் கணினிகளில் எழுதப்பட்ட நிரல்கள் இங்கே பிழைத்தன. அவற்றைத் திருத்தும் சுமை, குறியீட்டைத் தெரிவுசெய்தோர் மீதன்று, நிரல் எழுதும் உழைப்பாளர் மீதே விழுந்தது.

அதன் தடத்தை இன்றும் காணலாம். இசட்/ஓ.எஸ். இயங்குதளத்தில், நிரல்கள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் சீ மொழி நூலகம், எழுத்தைக் கையாளும் செயற்கூறுகள் பலவற்றை இரட்டையாகச் சுமக்கிறது: ஆஸ்கிக்கு ஒன்று, எப்சிடிக்குக்கு ஒன்று.