பொருத்திய அங்கமும் என்பின் சாட்சியும்

அறுபட்ட அங்கத்தை மீண்டும் உடலோடு பொருத்துதல் நெடுங்காலம் கதைகளிலேயே நிகழ்ந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டிலே அது வைத்தியசாலையில் நிகழ்ந்தது. ஆயினும், பொருத்திய அங்கம் உயிர்பிழைப்பது ஒன்று, தொழில்புரிவது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை நமக்குக் காட்டும் சாட்சிகளுள் ஒன்று எக்ஸ் கதிர்ப்படம்.

1895 ஆம் ஆண்டு நவம்பரில் ஜேர்மனிய அறிஞர் றொன்ற்கன் இக்கதிரைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியாரின் கையெலும்புகளைப் படம்பிடித்தார். 1900 இல் ஹம்பேர்க் நகரத்துச் சத்திரவைத்தியர் சூடெக், அழற்சியும் காயமும் உற்ற அங்கங்களில் என்பு செறிவிழப்பதை இத்தகைய படங்களைக் கொண்டு விளக்கினார். என்பு வெறுந் தூணன்று, அங்கத்தின் நிலைக்கேற்ப மாறும் உயிர்ப்பொருள் என்பது கண்ணுக்குப் புலனாயிற்று.

மறுபுறத்தே, பிரெஞ்சு வைத்தியர் அலெக்சிஸ் கரல் 1902 இல் குருதிக்குழாய்களைத் தைத்திணைக்கும் முறையை வெளியிட்டார். 1912 இல் நோபல் பரிசும் பெற்றார். எனினும், முற்றாக அறுபட்ட மனிதக் கை மீளப் பொருந்துவதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1962 மே 23 ஆம் நாள் பொஸ்ரன் நகரிலே, புகையிரத விபத்திற் கையிழந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு, மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் றொனால்ட் மோல்ற் குழுவினர் அக்கையை மீளப் பொருத்தினர். 1963 இல் ஷாங்காய் நகரில் சென் சொங்வெய் குழுவினர் தொழிலாளி ஒருவரின் கையைப் பொருத்தினர். 1965 இல் யப்பானின் நாராவிலே கொமாற்சுவும் தமாயும் நுணுக்குக்காட்டியின் துணையோடு பெருவிரலொன்றைப் பொருத்தினர்.

இச்சிகிச்சையில் என்புமுனைகளைச் சிறிது வெட்டிக் குறுக்குவது வழக்கம். அப்பொழுதே நாடியும் நாளமும் நரம்பும் இழுபடாது இணையும். பின்னர் உலோகக் கோலோ தகடோ கம்பியோ என்பை நிலைநிறுத்தும். தோலின் நிறமும் வெம்மையும் வெற்றியை விரைவிலே அறிவிக்கும். படமோ பொறுமையாகவே பேசும். வெட்டுவாய்க்கு அப்பாலுள்ள என்பு, இயக்கமின்மையாலும் நரம்பின் தொடர்பு அற்றமையாலும் செறிவு குறைந்து மங்கித் தோன்றும். வெட்டுவாய் கூடுதல் தாமதிக்கலாம். சிலவேளை கூடாமலே நிற்கலாம். மூட்டிடைவெளி சுருங்கி மூட்டு இறுகலாம். சிறுவர்க்கு வளர்ச்சிக் கசியிழையம் பழுதுறின், அங்கம் குறுகி நிற்கும்.

எனவே, பொருத்திய நாளோடு வரலாறு முடிவதில்லை. குருதி பாய்ந்தால் அங்கம் பிழைக்கும். என்பு கூடி, நரம்பு தழைத்து, மூட்டு வளைந்த பின்னரே அது கையாகும்.