உள்பாவாடை வந்த வழி

சேலைக்குள் நாடா வைத்த பாவாடை கட்டுவது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். துணி மாறியதால் பிற்காலத்தில் வந்து சேர்ந்த உடை அது என்பது என் கருத்து. பின்கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கியைப் பாருங்கள். நூல் பருமனானது, இடுப்பில் சேலையையே முடிந்துகொள்வார்கள். களையெடுக்கக் குனிந்தாலும் குடம் தூக்கினாலும் அந்தக் கட்டு அவிழாது. உள்ளே இன்னொரு துணிக்கு வேலையே இல்லை. மெல்லிய ஆலைத்துணியும் முன்கொசுவ ஆறு கஜக் கட்டும் பரவிய பிறகுதான் கொசுவத்தைச் செருக ஒரு பிடிமானம் தேவைப்பட்டது. மிஷனரிமார் கற்பித்த நாணத்தின் விளைவு இது என்று சிலர் வாதிடலாம். ஆனால் திருவிதாங்கூரில் அவர்கள் பெண்களுக்குப் பரிந்துரைத்தது குப்பாயம் என்ற மேல்சட்டை. 1859 அரசாணை வரை நீண்ட தோள்சீலைப் போராட்டமும் மேலாடை உரிமைக்கானது. இடுப்புக்குக் கீழே தையல் ஏன் வந்தது என்பதற்கு அதில் விடை இல்லை.

உள்பாவாடை வீட்டுத் தையலாக நிலைத்ததற்கு அதன் வெட்டே காரணம். பாப்ளின் துணியைச் சாய்வாக வெட்டி, ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால், மேலே குறுகிக் கீழே விரியும் துண்டுகள் கிடைக்கும். சேதாரம் மிகக் குறைவு. மேல் விளிம்பை மடித்து அடித்த பட்டிக்குள், ஊக்கில் கோத்த நாடாவை நகர்த்தி நகர்த்தி வெளியே இழுத்தால் பாவாடை தயார். பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும் அதே பாவாடை பொருந்தும். அளவெடுக்க ஆள் வேண்டாம். இத்தனை சிக்கனமும் அறிவும் உள்ள தையலைப் பெண்களின் கைவேலை என்று ஒதுக்கிவிட்டது நம் வரலாற்று எழுத்தின் பெரிய குறை.

கடையில் பளபளக்கும் பாலியஸ்டர் பாவாடை மலிவாகக் கிடைக்கும்போது பருத்தி எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குச் சிவகாசி பதில் சொல்கிறது. 1923இல் அங்கே தீப்பெட்டித் தொழில் காலூன்ற உதவியது வறண்ட வானிலை. பின்னால் வந்த பட்டாசுக்கும் அதுவே துணை. அந்த வறட்சியில்தான் செயற்கை இழை உரசி மின்னேற்றம் தேங்குகிறது; மருந்து கலக்கும் அறையில் ஒரு சிறு பொறி போதும். அதனால் பட்டாசு ஆலைகளில் பருத்தி உடை பாதுகாப்பு விதி. வெளியே தெரியாத பாவாடைக்கும் அது பொருந்தும்.