விவாகரத்து ஆனா கணவரோட பென்ஷன்ல மனைவிக்குப் பங்கு உண்டா? பி.எஃப், குடும்ப ஓய்வூதியம்... சட்டம் சொல்றது என்ன? முழு விவரம்!

வீடு, நகை, நிலம். விவாகரத்துன்னு வந்ததும் முதல்ல பேசப்படுறது இந்த மூணும்தான். ஆனால் பல குடும்பங்களில் உண்மையான பெரிய சொத்து வேறு. மாசாமாசம் வங்கிக் கணக்கில் விழுகிற பென்ஷன்தான் அது.

விருதுநகர் - அருப்புக்கோட்டை சாலையில் இருக்கும் பாலவனத்தத்தையே எடுத்துக்கொள்வோம். மழை பெய்தால்தான் விளைச்சல். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் ஒரு வருஷம் கொடுக்கும், மறு வருஷம் கையை விரிக்கும். ஆனால் வாத்தியார் பென்ஷனோ, போலீஸ் பென்ஷனோ, ராணுவ பென்ஷனோ வானத்தைப் பார்த்து வருவதில்லை. திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் முழுக்க இதே நிலைதான். அப்படியிருக்க, 25 வருஷம் குடும்பம் நடத்திய பிறகு பிரிகிற மனைவிக்கு அந்தப் பென்ஷனில் என்ன உரிமை இருக்கிறது?

*நேரடிப் பங்கு உண்டா?*

இல்லை. "பென்ஷனில் பாதி மனைவிக்கு" என்று சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. இந்து திருமணச் சட்டம் 1955-ன் 27-வது பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட பொருட்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர ஒரு முயற்சி நடந்தது. திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமலே 2014-ல் காலாவதியானது.

வெளிநாடுகளில் கதை வேறு. ஜெர்மனியில் 1977 முதலே, திருமண காலத்தில் இருவரும் சேர்த்த ஓய்வூதிய உரிமையைப் பாதியாகப் பிரிக்கிறார்கள். கனடாவில் 1978 முதல் அரசு ஓய்வூதியத் திட்டத்தின் பங்களிப்புகளைப் பிரிக்க முடியும். இங்கிலாந்தில் 2000 டிசம்பர் 1-க்குப் பிறகு தொடங்கிய விவாகரத்து வழக்குகளில் பென்ஷனைப் பங்கு போட நீதிமன்றம் உத்தரவிடலாம்.

*அப்போ வேற வழியே இல்லையா?*

இருக்கு. ஜீவனாம்சம் என்கிற வழிதான் அது. இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவு வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சமும், 25-வது பிரிவு நிரந்தர ஜீவனாம்சமும் கேட்க வழி தருகிறது. கணவர், மனைவி இருவருமே கேட்கலாம். அதாவது டீச்சர் வேலை பார்க்கும் மனைவியிடம், வருமானம் இல்லாத கணவரும் கேட்க முடியும்.

பழைய 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாக இருக்கிறது. மறுமணம் செய்யாத, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத விவாகரத்தான பெண் இதன் கீழ் மனு போடலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் 125-வது பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஜீவனாம்சத் தொகையை முடிவு செய்யும்போது கணவரின் பென்ஷன் வருமானமாகக் கணக்கில் வரும். 2020 நவம்பர் 4-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரு தரப்புமே வருமானம், சொத்து, முதலீடு, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட தேதியில் இருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான்.

*வீட்டு வேலை மட்டும் பார்த்த மனைவின்னா?*

2023 ஜூன் 21-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பு இங்கே முக்கியம். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, எனவே அந்தச் சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு.

கவனிக்க: இது தனி நீதிபதியின் தீர்ப்பு. சொத்து பற்றியது, பென்ஷன் பற்றியது அல்ல. ஆனாலும் "நீ என்ன சம்பாதிச்ச?" என்ற கேள்விக்கு நீதிமன்றம் கொடுத்த பதில் இது. சமரசப் பேச்சில் எடுத்து வைக்கலாம்.

*பென்ஷனோட மதிப்பை எப்படிப் போடுறது?*

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் மொத்தமாக ஒரு தொகை பேசி முடிப்பது வழக்கம். அப்போது பென்ஷனின் இன்றைய மதிப்பு தெரிந்தால்தான் ஏமாறாமல் பேச முடியும். அதற்கு அரசிடமே ஒரு அளவுகோல் இருக்கிறது. பென்ஷனின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் "கம்யூட்டேஷன்" அட்டவணைதான் அது.

மத்திய அரசின் அட்டவணைப்படி, அடுத்த பிறந்தநாளில் 61 வயது ஆகிறவருக்குக் காரணி 8.194. ஒரு உதாரணம் பார்ப்போம்:

• மாத பென்ஷன் 30,000 ரூபாய்
• 30,000 x 12 x 8.194 = 29,49,840 ரூபாய்
• மொத்த சர்வீஸ் 30 வருஷம், அதில் திருமண காலம் 24 வருஷம் என்றால் 80 சதவீதம், அதாவது சுமார் 23.6 லட்சம்
• அதில் பாதி சுமார் 11.8 லட்சம்

இந்தத் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பேச்சைத் தொடங்க ஒரு அடிப்படை, அவ்வளவுதான். இதில் அகவிலைப்படி உயர்வு சேரவில்லை. கம்யூட் செய்த பகுதி 15 வருஷத்தில் திரும்பக் கிடைத்துவிடும் என்பதால், ஆயுள் முழுக்க வரும் பென்ஷனின் மதிப்பு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இரண்டு விஷயத்தில் உஷார். கணவர் ஏற்கெனவே கம்யூட் செய்திருந்தால், கையில் வாங்கிய தொகையைத் தனியாகவும், குறைந்த பென்ஷனைத் தனியாகவும் கணக்கிடணும். அதேபோல, பென்ஷனுக்கு ஈடாக மொத்தத் தொகை வாங்கிவிட்டு, அதே பென்ஷனைக் காட்டி மாத ஜீவனாம்சமும் கேட்டால் எதிர்த்தரப்பு நிச்சயம் ஆட்சேபிக்கும்.

*மில் வேலை, கம்பெனி வேலைன்னா?*

பி.எஃப் கணக்கில் இருக்கும் தொகையைப் பாஸ்புக்கே சொல்லிவிடும். அதோடு வரும் இ.பி.எஸ் பென்ஷனுக்குச் சூத்திரம் உண்டு: பென்ஷனுக்குரிய சம்பளம் x சர்வீஸ் வருஷம் ÷ 70. சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். 18 வருஷ சர்வீஸ் என்றால் சுமார் 3,857 ரூபாய். ஆக, இங்கே பெரிய தொகை பி.எஃப் இருப்பில்தான் இருக்கும்.

*பணம் தரலைன்னா பென்ஷனைப் பிடிக்க முடியுமா?*

ஓய்வூதியச் சட்டம் 1871-ன் 11-வது பிரிவு, கடன்காரர்கள் பென்ஷனை ஜப்தி செய்யத் தடை போடுகிறது. பி.எஃப், கிராஜுவிட்டிக்கும் இதுபோன்ற பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் மனைவி கடன்காரர் அல்ல, ஜீவனாம்ச பாக்கிக்காகப் பென்ஷனை ஜப்தி செய்யலாம் என்று 2019-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தீர்ப்பளித்தது.

கணவர் இன்னும் வேலையில் இருந்தால் வழி சுலபம். ஜீவனாம்ச உத்தரவுக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு அனுமதிக்கிறது.

*பலரும் கவனிக்காத இழப்பு: குடும்ப ஓய்வூதியம்*

அரசு ஊழியர் இறந்தால் மனைவிக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கடைசிச் சம்பளம் 60,000 என்றால், மாதம் 18,000 ரூபாய், கூடவே அகவிலைப்படி. விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளோடு இந்த உரிமை போய்விடும். நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழும் உத்தரவு மட்டும் பெற்றவர் சட்டப்படி மனைவிதான். தகுதி பொதுவாகத் தொடரும். பிள்ளைகளின் உரிமையும் பெற்றோரின் விவாகரத்தால் போகாது.

55 வயதில் கையெழுத்துப் போடும் ஒரு பெண்ணுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. கணவர் இறந்தால் மாத ஜீவனாம்சமும் பெரும்பாலும் நின்றுபோகும். அதனால்தான் 25-வது பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஜீவனாம்சத்துக்குக் கணவரின் அசையாச் சொத்தை ஈடாக வைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2024 ஜனவரியில் ஒரு சலுகை வந்தது. கணவர் மீது விவாகரத்து, குடும்ப வன்முறை அல்லது வரதட்சணை வழக்கு நிலுவையில் இருந்தால், தன் குடும்ப ஓய்வூதியத்தைக் கணவருக்கு முன்பாகப் பிள்ளைக்குத் தரும்படி எழுதிக் கொடுக்கலாம்.

*பஞ்சாயத்துல தீர்த்து விட்டா செல்லுமா?*

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஸ்டாம்ப் பேப்பரில் "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி வாங்குவது கிராமங்களில் இன்றும் உண்டு. வழக்காற்று விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் அந்தச் சமூகத்தில் தொன்றுதொட்டு இருக்கிறது என்பதை நிரூபிக்கணும். நிரூபிக்க முடியாவிட்டால் திருமணம் சட்டப்படி தொடர்கிறது என்றே அர்த்தம்.

இதன் விளைவு இரு பக்கமும் வெட்டும். எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று முதல் மனைவி குடும்ப ஓய்வூதியத்தைக் கேட்காமலே இருந்துவிடக் கூடாது. அந்தப் பேப்பரை நம்பி இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட பெண், கணவர் இறந்த பிறகு கருவூலத்தில் வெறுங்கையோடு நிற்கவும் நேரலாம்.

*கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியவை*

• பென்ஷன் ஆணை, பி.எஃப் பாஸ்புக், சம்பளச் சீட்டு நகல்களை எடுத்து வைக்கவும். கிடைக்காவிட்டால், அலுவலகத்திலிருந்து வரவழைக்கக் கோரி நீதிமன்றத்தில் மனு போடலாம்.
• மாதத் தொகையா, மொத்தத் தொகையா என்று முடிவு செய்யும்போது, கணவருக்குப் பிறகு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடவும்.
• மாதத் தொகை என்றால், உயர்வையும் எழுதி வாங்கவும். 2025 மே மாதம் ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாயும், 2 வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வும் உச்ச நீதிமன்றம் கொடுத்தது.
• பிரிந்த பிறகு பி.எஃப், இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு நாமினியை இரு தரப்பும் சரிபார்க்கவும்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பாலவனத்தம் பகுதியில் இருப்பவர்கள் அருப்புக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவையோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகலாம். இலவச உதவி எண்: 15100.