பிரான்சில் ஒரு மலைக்கிராமம்: மோன்தாயூ

துலூஸில் மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து "ஈஃபில் டவர் போட்டோ போடுங்க டீச்சர்" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். பாரிஸ் இங்கிருந்து வெகுதூரம். நான் பார்த்தது ஒரு சின்ன மலைக்கிராமம். பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

பிரான்சின் தெற்கு எல்லையில் பிரனீஸ் மலைத்தொடர். அதன் வடபக்கம் ஆரியெஜ் மாவட்டம். அங்கே சுமார் 1300 மீட்டர் உயரத்தில் மோன்தாயூ இருக்கிறது. நிலையாகக் குடியிருப்பவர்கள் இன்று முப்பது பேர்கூட இல்லை. மேட்டில் இடிந்த கோட்டையின் சுவர்த் துண்டு, சரிவில் கொஞ்சம் கல்வீடுகள், ஊருக்குக் கீழே கல்லறைத் தோட்டத்தோடு ஒரு பழைய மாதா கோயில். அவ்வளவுதான் ஊர். ஆனால் ஐரோப்பாவின் இடைக்கால வரலாறு படிப்பவர்களில் இந்த ஊர்ப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 700 வருடங்களுக்கு முன்னால் இங்கே இருந்த ஆடு மேய்ப்பவர்களும் விதவைகளும் வேலைக்காரப் பெண்களும் பேசியது எழுத்தில் இருக்கிறது. நான் முப்பத்துமூன்று வருடம் சமூக அறிவியல் நடத்தினேன். அரசர் பெயர், போர் நடந்த ஆண்டு, வரி எவ்வளவு, இதைத்தான் உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். வரி கட்டியவன் என்ன நினைத்தான் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது, ஏனென்றால் அவனிடம் யாரும் கேட்டதில்லை. மோன்தாயூ மக்களிடம் ஒருவர் கேட்டார். அவர்களைத் தண்டிப்பதற்காகக் கேட்டார்.

அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் கத்தார் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவு இருந்தது. கண்ணால் காணும் இந்த உலகம் தீய சக்தியின் படைப்பு என்பது அவர்கள் நம்பிக்கை. கோயில், சிலுவை எதையும் அவர்கள் மதிக்கவில்லை. அவர்களுடைய துறவிகளுக்கு மக்கள் வைத்த பெயர் 'நல்ல மனிதர்கள்'. அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், உயிரைக் கொல்லமாட்டார்கள். ஆன்மா உடல் விட்டு உடல் மாறும் என்றும் சொன்னார்கள். ரோமாபுரித் திருச்சபை இவர்களை ஒழிக்கப் படையெடுப்பே நடத்தியது. மோன்செகூர் மலைக்கோட்டை விழுந்ததும் 1244 மார்ச் 16 அன்று 200 பேருக்கு மேல் தீயில் எரிக்கப்பட்டார்கள். அதோடு கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மேலே மலைக்கிராமங்களில் அடுத்த இரண்டு தலைமுறை கழித்தும் அந்த நம்பிக்கை அடுப்படியில் ரகசியமாக உயிரோடு இருந்தது.

1308-ல் கார்க்கசோன் நகரத்து விசாரணைக் குழு மோன்தாயூவில் வயதுவந்த எல்லோரையும் ஒரே நாளில் பிடித்தது. அதற்குப் பிறகு வந்தவர்தான் ழாக் ஃபூர்னியே. பாமியே நகரத்து ஆயர். 1318-லிருந்து 1325 வரை 370 நாட்கள் உட்கார்ந்து 578 விசாரணைகள் நடத்தினார். சித்திரவதையை அவர் பெரும்பாலும் நாடவில்லை. சிறை, காத்திருப்பு, மறுபடி மறுபடி கேள்வி, இதுதான் அவர் முறை. நேற்று சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் ஒரு நூலளவு வித்தியாசம் இருந்தாலும் பிடித்துக்கொள்வார். ஜனங்கள் தங்கள் ஆக்ஸிதான் மொழியில் சொல்லுவார்கள், எழுத்தர்கள் லத்தீனில் எழுதுவார்கள், பிறகு அதை அவர்கள் மொழியிலேயே படித்துக் காட்டுவார்கள்.

அவருக்கு வேண்டியது யார் யார் கத்தார் என்பது மட்டுமே. ஆனால் பயந்துபோன மனிதன் எல்லாவற்றையும் சேர்த்துத்தானே சொல்லுவான்? யார் வீட்டில் யார் படுத்திருந்தார்கள், அடுப்பில் என்ன கொதித்தது, வெயிலில் உட்கார்ந்து யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள், எல்லாம் ஏட்டில் ஏறிவிட்டது. பேன் பார்ப்பது அங்கே ஆளுக்குள்ள நெருக்கத்தின் அடையாளமாம். அப்போதுதான் ரகசியமும் பேசியிருக்கிறார்கள்.

பேயாத்ரிஸ் என்று ஒரு அம்மா. கோட்டைக் காவலரின் விதவை. அவர் பையைச் சோதித்தபோது பேரப்பிள்ளைகளின் காய்ந்த தொப்புள்கொடி கிடைத்தது. அது கையில் இருந்தால் வழக்கில் தோற்கமாட்டோம் என்று யாரோ சொன்னார்களாம். நம் வீட்டுப் பெரியம்மாக்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. ஆயருக்கோ அது பில்லிசூனியம். சிறைக்குப் போன பேயாத்ரிஸ், 1322-ல் துணியில் மஞ்சள் சிலுவை தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையோடு வெளியே வந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் 'இவள் குற்றவாளி' என்று தெரிந்துகொள்வதற்காக.

எனக்கு நெஞ்சில் நிற்பவர் பியேர் மோரி. மோன்தாயூவில் பிறந்த இடையர். கோடையில் உயரத்துப் புல்வெளியில் கிடை, குளிர் வந்தால் கணவாய் தாண்டிக் கத்தலோனியா. ஓரிடத்தில் நில்லப்பா என்று சொன்னவர்களிடம், வளர்ந்த விதத்தில்தான் தன்னால் வாழ முடியும் என்றிருக்கிறார். இவர்கள் வாக்குமூலங்களில் மலைப்பாதைக் கதைகள் நிறைய. நல்ல மனிதர்கள் இருவர் போகும் வழியில் கண்ணியில் அணில் மாட்டியிருக்கிறது. அதை விடுவித்து, கண்ணி வைத்தவனுக்கு நஷ்டம் வராமல் அதன் விலையைக் காசாக அங்கே வைத்துவிட்டுப் போனார்கள். இன்னொன்று, முற்பிறவியில் குதிரையாக இருந்த ஒருவர் கதை. இந்தக் கல்லிடுக்கில்தான் என் லாடம் கழன்றது என்று சொல்லி, உடன் வந்தவரோடு தேடி அதைக் கண்டெடுத்தாராம். இந்தக் கதைகளைச் சொன்ன மோரி கடைசியில் பிடிபட்டார். 1324-ல் சிறைத்தண்டனை. அதற்குமேல் அவரைப் பற்றி ஏட்டில் எதுவும் இல்லை.

ஊர்ப் பாதிரியார் பியேர் க்ளெர்க் வேறு ரகம். தானும் கத்தார் பக்கம், விசாரணைக் குழுவுக்கும் வேண்டியவர். பிடிக்காதவர்களைக் காட்டிக்கொடுத்தே ஊரை ஆட்டி வைத்தார். அவர் குடும்பத்தைப் பற்றி உண்மை பேசிய மோர் வீட்டுப் பெண்ணின் நாக்கை அறுக்க வைத்தார்கள். அவரும் சிறையில்தான் செத்தார். இத்தனை பேர் பேசியிருக்க, அவருடைய வாக்குமூலம் மட்டும் இல்லை. அவருடைய அம்மாவை நான் சொன்ன அந்த மாதா கோயிலில்தான் பீடத்தருகே அடக்கம் செய்தார். நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். கும்பிடுவதா வேண்டாமா என்று குழப்பம்.

ஃபூர்னியே 1334-ல் போப்பாண்டவரானார், பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில். அவிஞோனில் போப்பின் பெரிய அரண்மனையைக் கட்டத் தொடங்கியதும் அவரே. அவர் பதவி உயர்ந்ததால்தான் இந்த ஏடு பத்திரமாகி இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. 1965-ல் ழான் துவெர்னுவா அதை அச்சிட்டார், 1975-ல் எம்மானுவேல் லெ ருவா லதூரி அதை வைத்து எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றது. அதைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடக்கூடாது என்பது என் கருத்து. அது பேட்டி இல்லை. பொய் சொன்னால் கட்டையில் எரியலாம் என்று தெரிந்தவர்கள் பேசிய பேச்சு. ஃபூர்னியே ஐந்து பேரை எரிக்க அனுப்பினார், அதில் ஒருவர் மோன்தாயூக்காரர், கியோம் ஃபோர். சொன்னதை விட்டுச் சொல்லாமல் மறைத்தது எவ்வளவோ இருக்கும்.

நடக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு: துலூஸிலிருந்து ஆக்ஸ்-லே-தெர்ம் வரை ரயில் உண்டு. அங்கிருந்து ஷியூலா கணவாய் வழியாகச் சாலை. 'நல்ல மனிதர்கள் பாதை' என்று ஃபுவா நகரத்திலிருந்து ஸ்பெயின் பக்கம் பெர்கா வரை ஏறக்குறைய 190 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. மரத்திலும் பாறையிலும் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்டிருப்பார்கள். கோமூஸ் கிராமத்திலிருந்து ஃப்ரோ பள்ளத்தாக்கில் இறங்கினால் இருபுறமும் செங்குத்துப் பாறை. அந்தப் பெயருக்கே பயம் என்றுதான் பொருளாம். என் முழங்காலுக்குப் பாதி தூரம் போதும் என்றாகிவிட்டது, மருமகன் கைபிடித்து மேலே கூட்டி வந்தார். மோன்செகூருக்கும் ஏறலாம். ஆனால் இன்று நிற்கும் கோட்டை கத்தார் கட்டியது இல்லை, 1244-க்குப் பிறகு புதிய பிரபுக்கள் கட்டியது. சுற்றுலாத் தாள்களில் இதைச் சின்ன எழுத்தில் போடுகிறார்கள். எரிக்கப்பட்டவர்களின் நினைவுக்கல் மேலே இல்லை, அடிவாரப் புல்வெளியில் இருக்கிறது. அவசரத்தில் பலர் பார்க்காமலே ஏறிவிடுகிறார்கள்.

கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். நவம்பருக்குப் பிறகு பனி. படங்கள் கீழே போட்டிருக்கிறேன். மூன்றாவது படத்தில் தபால்பெட்டி அளவுக்குத் தெரிவதுதான் அந்த மாதா கோயில்.