திண்ணையும் கட்டிலும்

‘கீமோதெரபி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்று நம் மனக்கண்முன் எழுவது புற்றுநோய்ப் பிரிவும், நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தும், உதிர்ந்த தலைமுடியுமே. ஆயின் அச்சொல் பிறந்தபோது அதற்குப் புற்றுநோயோடு உறவு ஏதும் இல்லை. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், நோய்க்கிருமியை மட்டும் தேடிச் சென்று தாக்கும் வேதிப்பொருளைக் கண்டறிய வேண்டும் என்று கனவு கண்டார்; அந்தச் சிகிச்சை முறையைக் குறிக்க அவர் வழங்கிய பெயரே அது. 1910 இல் மேகநோய்க்கு வந்த ‘சால்வர்சான்’ அக்கனவின் முதற்கனி. புற்றுநோய்க்கு வேதிமருந்து கொடுத்துப் பார்த்தது அதற்கும் முப்பது ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான்.

இதனை நினைவூட்டக் காரணம் உண்டு. 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டபோது அதற்கு இடப்பட்ட பெயர் ‘டியூபர்குலோசிஸ் கீமோதெரபி சென்டர்’. நுரையீரலை அரிக்கும் காசநோய்க்கு எந்த மருந்தை, எவ்வளவு காலம், எவ்விடத்தில் வைத்துக் கொடுப்பது என்று ஆராய்வதே அதன் பணி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து அதனை நிறுவின. ஆங்கிலேய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் முதல் ஐந்தாண்டுகள் அதனை வழிநடத்தினார்.

அந்நாளைய நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். காசநோய் என்றாலே ‘சானடோரியம்’ என்பதுதான் வழக்கு. தாம்பரத்தில் மருத்துவர் சவுரிமுத்து 1928 இல் தொடங்கிய விடுதி போன்றவற்றில் நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை. ஆனால் அக்கட்டில்கள் எத்தனை பேருக்குப் போதும்? 1955 முதல் 1958 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, பிறருக்குத் தொற்றவைக்கும் நிலையில் உள்ள நோயாளர் மட்டுமே நாட்டில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இருக்கக்கூடும் என்று காட்டிற்று. கட்டில்களோ சில பத்தாயிரங்களுக்குள் அடங்கின. எஞ்சியோர் இருமி இருமி வீட்டுத் திண்ணையிலேயே மாண்டனர்.

இதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பி.ஏ.எஸ். என்பதும், 1952 இல் ஐசோநியாசிடும் பயனுக்கு வந்தன. பின்னிரண்டும் வாயால் உட்கொள்ளத்தக்கவை. அப்படியானால் கட்டில் எதற்கு? வீட்டிலேயே மருந்தைக் கொடுத்தால் என்ன? கேள்வி எளிது, விடை எளிதன்று. ஒரே அறையில் எட்டுப்பேர் உறங்கும் சேரி வீட்டுக்கு நோயாளியைத் திருப்பி அனுப்பினால் குழந்தைகளின் கதி என்ன? கூழும் கஞ்சியும் குடிக்கும் உடம்பு நோயை வெல்லுமா? ஏழைக்குக் கட்டிலை மறுப்பதற்கு அறிவியல் முகமூடி அணிவதாகாதா?

சென்னை ஆய்வு இக்கேள்விகளை நேருக்கு நேர் எதிர்கொண்டது. நகரத்தின் ஏழ்மை மிகுந்த பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யார் விடுதிக்குச் செல்வது, யார் வீட்டில் தங்குவது என்பதை மருத்துவரின் இரக்கமோ நோயாளியின் செல்வாக்கோ முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையே முடிவு செய்தது. இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்து: ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும். இந்தக் குலுக்கலைக் கேட்டு முகம் சுளிப்போர் உண்டு. எனக்கு அது அநீதியாகப் படவில்லை. எது நல்லது என்று எவருக்கும் தெரியாத நிலையில், தெரிந்ததுபோல் நடிப்பதைக் காட்டிலும் அது நேர்மையானது.

முடிவுகள் 1959 இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின. ஓராண்டு முடிவில் விடுதியில் இருந்தோரில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. குடும்பத்தாரைத் தொடர்ந்து கண்காணித்தபோது, நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் அவர்களுக்குத் தீங்கு மிகவில்லை என்பதும் தெரிந்தது. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுமுன்பே தொற்றிவிட்டிருந்தது, மருந்து தொடங்கியபின் அந்த ஆபத்து விரைவில் தணிந்தது. இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகளை ஒவ்வொன்றாக மூடச் செய்தது. சென்னையின் ஏழைகள் தம் நுரையீரலைக் கொண்டு உலகுக்கு எழுதிக்கொடுத்த பாடம் இது என்று சொன்னால் மிகையாகாது. அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

ஆனால் பாடத்தின் ஒரு வரி பலராலும் வாசிக்கப்படாமலே போயிற்று. சென்னையில் வீட்டுச் சிகிச்சை வென்றது மாத்திரையால் மட்டுமன்று. நிலையத்துப் பணியாளர் சந்து சந்தாக நடந்து வீடுகளுக்குச் சென்றனர். மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உடம்புக்குள் போயிற்றா என்று பார்த்தனர். பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும் மருந்து. உடம்பு சற்றுத் தேறியவுடன் அதனை நிறுத்திவிடத் தோன்றுவது மனித இயல்பு. இதனை உணர்ந்தே அந்நிலையம் அடுத்த ஆய்வில் இறங்கிற்று. வாரத்தில் இருமுறை மட்டும் நோயாளி நேரில் வந்து பணியாளர் முன்னிலையில் மருந்து பெற்றால் போதுமா என்று பார்த்தது. போதும் என்று 1964 இல் வெளியான முடிவு காட்டிற்று. பிற்காலத்தில் ‘டாட்ஸ்’ என்று உலகம் அறிந்த நேரடிக் கண்காணிப்பு முறைக்கு அது முன்னோடி.

இனி மலையேறுவோம். நாம் ஏறும் மலை ஜவ்வாதுமலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இம்மலையில் சாமையும் தேனும் உண்டு, சந்தன மரத்தின் நினைவும் உண்டு. காவலூரில் 1986 முதல் விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய தொலைநோக்கி உண்டு. (மலைக்குக் கிழக்கே, போளூருக்கு அப்பால் இன்னொரு சேத்துப்பட்டும் உண்டு, நம் வாசகர் பலருக்கு லூர்து அன்னை ஆலயத்தாலும், அருள்தந்தை தராஸ் அடிகளாராலும் அறிமுகமான ஊர். சென்னைச் சேத்துப்பட்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை.) மலையாளி என்று வழங்கும் பழங்குடியினர் இங்கே சிற்றூர்களில் வாழ்கின்றனர். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே ஏற்றமும் இறக்கமும் காடும்.

சென்னை நிலையம் இம்மலையை மறக்கவில்லை. பழைய வடஆர்க்காடு மாவட்டம் அதன் கள ஆய்வுகளுக்கு நெடுங்காலம் நிலமாக இருந்தது. ரிஃபாம்பிசின் சேர்ந்த குறுகியகாலச் சிகிச்சையை 1980களில் அரசு மாவட்டங்களில் சோதித்தபோது வடஆர்க்காடும் அதில் இடம்பெற்றது. ஜவ்வாதுமலைப் பழங்குடியினரிடையே நிலைய ஆய்வாளர் நடத்திய காசநோய்க் கணக்கெடுப்பு 2001 இல் பன்னாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. ஒதுங்கி வாழும் மலைவாசிகளிடம் நகரத்து நோய் அவ்வளவாகப் பரவியிராது என்ற பழைய எண்ணத்தை வைத்துக்கொண்டு அம்மலைக்கு ஏற முடியாது. அடுப்புப்புகை சூழ்ந்த குடிசைக்குள் பலர் நெருங்கி உறங்குமிடத்தில் கிருமிக்கு ஊர் எல்லை கிடையாது.

சென்னையின் சந்துகளில் வென்ற முறை மலைப்பாதையில் என்ன ஆகும்? மருந்து அதுவே, எண்ணிப்பார்க்க வரும் ஆள்தான் இல்லை. மலையில் மட்டுமன்று, சமவெளியிலும் இதே கதைதான். 1992 இல் தேசிய காசநோய்த் திட்டத்தை மதிப்பிட்டபோது, சிகிச்சை தொடங்கியோரில் பாதிப்பேர்கூட அதனை முடிக்கவில்லை என்று தெரியவந்தது. குறை மருந்திலா, நோயாளியிலா என்று அக்காலத்தில் வெகுவாக விவாதித்தனர். கீழிறங்கிச் சுகாதார நிலையம் சென்று திரும்ப ஒரு நாள் கூலி போகிறவனிடம் ‘ஒழுங்கில்லாத நோயாளி’ என்று முத்திரை குத்துவது எளிது. ஒழுங்கில்லாமல் இருந்தது வழியும் வசதியும்.

உணவைப் பற்றிய பாடமும் இவ்வாறே திரிந்தது. விடுதியில் இருந்தோர் நன்றாக உண்டனர், எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தோர் அரைவயிற்றோடு இருந்தும் மருந்தால் தேறினர். மருந்து இருந்தால் ஏழையும் பிழைப்பான் என்பதே இதன் நேர்ப்பொருள். அதனை ‘உணவு முக்கியமன்று’ என்று பலர் வாசித்துவிட்டனர். அரை நூற்றாண்டு அந்த வாசிப்பு நிலைத்தது. 1978 இல் காசநோய் ஆராய்ச்சி மையம் எனவும், 2011 இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் மாறிய அதே சேத்துப்பட்டு நிலையம், ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்த இன்னோர் ஆய்விலும் பங்குகொண்டது. நோயாளியின் குடும்பத்தார் 10,345 பேர் அதில் அடங்குவர். ஒரு சாரார் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியன வழங்கப்பட்டன. 2023 இல் வெளியான முடிவின்படி, அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடும், சளியில் கிருமி காணும் நுரையீரல் காசநோய் 48 விழுக்காடும் குறைந்திருந்தது. திண்ணையில் படுத்திருந்தவனுக்கு மாத்திரை கிடைத்தது. அவனருகே பசியோடு படுத்திருந்த பிள்ளையை அதுவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் உள்ளவர் பலர் முதலில் காசநோயாளராகக் கருதப்பட்டு, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரையே உண்டு காலத்தை இழக்கின்றனர். இருமல், எடை குறைவு, சளியில் இரத்தம், எக்ஸ்ரேயில் நிழல் ஆகியவை இரண்டுக்கும் பொது. சளிச் சோதனையில் கிருமி இல்லாதபோதும், மருந்து உண்டும் நிழல் கரையாதபோதும் மருத்துவர் அடுத்த சோதனையை நாடியாக வேண்டும். அச்சோதனை வசதிகளோ பெரும்பாலும் பெருநகரங்களில் உள்ளன.

தமிழக அரசு 2022 இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. நோய் கண்டறிந்த அன்றே மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: உடல் எடை மிகக் குறைந்துள்ளதா, மூச்சு இரைக்கிறதா, பிறர் தாங்காமல் எழுந்து நிற்க முடியாமல் உள்ளதா. இவற்றுள் ஒன்று இருந்தாலும், மேற்பரிசோதனை செய்து தேவையானோரை உடனே மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்க வேண்டும். வீடே போதும் என்று 1959 இல் உலகுக்குச் சொன்ன இதே தமிழகம், யாருக்குக் கட்டில் வேண்டும் என்பதை இப்போது எடைக்கருவி கொண்டு பிரித்தெடுக்கிறது. நோயாளரின் உணவுக்கென 2018 முதல் நடுவண் அரசு மாதம் 500 ரூபாய் வழங்கிவந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது.