அம்புக்குறியும் மேற்படிக் குறியும்: பத்திரத் தமிழ்க் குறிகள் இணையத்திற்கு வந்த வரலாறு

இணையப் பக்கத்தில் வலப்புறம் நோக்கிய அம்பு ஒன்றைக் காட்ட விசைப்பலகையில் தனி விசை கிடையாது. பக்கத்தின் நிரலில் &#8594; என்று எழுதினால் உலாவி அதனை → என மாற்றிக் காட்டும். இடப்புற அம்புக்கு 8592, மேல் அம்புக்கு 8593, கீழ் அம்புக்கு 8595. இவ்வெண்கள் ஒருங்குறித் தரத்திலிருந்து வருபவை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஆளுக்கோர் எண் வழங்குவது அத்தரத்தின் வேலை. 1991இல் அதன் முதற்பதிப்பு வந்தபோதே அம்புகள் இடம் பெற்றுவிட்டன. தமிழ் எழுத்துகளும் இடம் பெற்றன. ஆனால் கிராமக் கணக்கிலும் நிலப் பத்திரத்திலும் புழங்கிய தமிழ்க் குறிகள் விடுபட்டுப் போயின.

அம்பு செய்யும் வேலையைச் செய்த குறி ஒன்று தமிழில் உண்டு. ௸ என்பது அது; மேற்படி என்று படிக்க வேண்டும். மேலே சொன்ன ஆளையோ ஊரையோ திரும்ப எழுதாமல் சுட்டிக்காட்ட, பத்திரம் எழுதுவோர் ‘௸யார்’, ‘௸ கிராமம்’ என்று எழுதினர். நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, வருடத்திற்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹, இலக்கத்திற்கு ௺. வீட்டுப் பெட்டியில் பழைய கிரயப் பத்திரம் வைத்திருப்போர் எடுத்துப் பார்த்தால் இவற்றில் சிலவாவது கண்ணில் படும்.

இவற்றைவிட முக்கியமானவை பின்ன அளவுகள். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த இரு கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. குடவோலை முறையில் வாரியத்திற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுபவை. சொந்த மனையில் வீடு கட்டியிருப்பதும் வயதும் கல்வியும் தகுதிகள் என்பது பள்ளிப் பாடத்தில் வருகிறது. இறை செலுத்தும் நிலம் காலுக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதியை மாணவர்கள் விரைவாகக் கடந்து விடுகின்றனர். வேதம் ஒன்றும் பாஷ்யம் ஒன்றும் கற்று விளக்க வல்லவருக்கு அரைக்கால் நிலமே போதும் எனச் சலுகையும் உண்டு. காலும் அரைக்காலும் வேலிக் கணக்கு என்பர். பிற்கால வழக்கில் ஒரு வேலி 20 மா, ஒரு மா 100 குழி. ஆகவே கால் வேலி என்பது 5 மா. ஒருவர் பெயர் குடத்தினுள் விழுமா விழாதா என்பதை ஒரு பின்னம் தீர்மானித்தது!

கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் இந்தப் பின்னங்கள் சொல்லாகவும் வரும், குறியாகவும் வரும். 1/320 ஆகிய முந்திரி, 1/80 ஆகிய காணி, 1/20 ஆகிய மா, 1/8 ஆகிய அரைக்கால் என ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் உண்டு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியோடு மனப்பாடம் செய்தவை இவை. 1957இல் தசம நாணயமும் அதையடுத்து மெட்ரிக் அளவுகளும் வந்தபின் பள்ளியில் இவற்றுக்கு வேலையில்லாமல் போயிற்று. 1980இன் இறுதியில் தமிழ்நாட்டில் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டபோது, தொழில்முறையாக இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களின் வரிசையும் அற்றது. பரம்பரைப் பதவி போனது நியாயமே. கூடவே படிப்பறிவு ஒன்றும் போனது.

கணினி வந்தபின் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. காலின் குறி ‘வ’ என்னும் எழுத்தைப் போலவே இருக்கும். குறியெண் இல்லாத காலத்தில் பழைய ஆவணத்தைத் தட்டச்சு செய்தவர் அந்த இடத்தில் வகரத்தையே போட வேண்டியிருந்தது. அறிந்தவர் கண்ணுக்கு அது கால். கணினிக்கு அது வெறும் எழுத்து. தேடினாலும் அகப்படாது. படமாக ஒட்டினாலோ, அந்த வரியைப் படியெடுக்கவே இயலாது. நில அளவைக் கூறும் வரியில் இப்படி நேர்ந்தால் அளவே தொலைந்தது எனலாம்.

2003இல் வந்த ஒருங்குறி 4.0 பதிப்பில் நாள் முதல் இலக்கம் வரையான எட்டுக் குறிகளுக்கு 3059 முதல் 3066 வரை எண்கள் கிடைத்தன. &#3064; என்று எழுதினால் மேற்படிக் குறி தோன்றும். தமிழ்ச் சுழியத்திற்கு 2005இல்தான் இடம் கிடைத்தது. பழந்தமிழ் எண்முறையில் பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲ எனத் தனிக்குறிகள் இருந்ததால் சுழியம் இன்றியே எழுத முடிந்தது. 921 என்பது ௯௱௨௰௧.

பின்னங்கள் மேலும் காத்திருந்தன. ஸ்ரீரமண சர்மா 2012இல் விரிவான முன்மொழிவு ஒன்றை அளித்தார். நீண்ட பரிசீலனைக்குப் பின், 2019 மார்ச்சில் வந்த 12.0 பதிப்பில் 51 குறிகள் ஏற்கப்பட்டன. பின்னங்களோடு நெல், உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், வராகன், குழி, வேலி, நன்செய், புன்செய் ஆகியவற்றின் குறிகளும் அவற்றுள் அடக்கம். 2010 ஜூலையில் அரசு ஏற்ற புதிய ரூபாய்க் குறி ₹ அதே ஆண்டு அக்டோபரில் 8377 என்ற எண்ணைப் பெற்றுவிட்டது. வேலிக்கு அவ்வளவு அவசரம் யாருக்கும் இல்லை போலும்.

முந்திரிக்கு 73664, அரைக்காலுக்கு 73676, காலுக்கு 73680, வேலிக்கு 73699. அம்புக்கு எழுதியதைப் போலவே &#73680; என்று எழுத வேண்டும்; இறுதியில் அரைப்புள்ளியை விடக்கூடாது. ஆயினும் எண்ணைச் சரியாக இட்டாலே குறி தெரிந்துவிடும் என்று கொள்ள வேண்டாம். இவ்வெண்கள் 65535ஐத் தாண்டியவை. பழைய மென்பொருள்கள் சில அந்த எல்லைக்கு மேல் செல்லா. சாதனத்தில் உரிய எழுத்துருவும் வேண்டும். இல்லையேல் வெற்றுக் கட்டமே தெரியும். கூகுள் நிறுவனத்தின் நோட்டோ வரிசையில் ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்’ என்னும் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. கல்வெட்டையோ பத்திரத்தையோ இணையத்தில் ஏற்றுவோர் குறியை இட்டு, பக்கத்திலேயே ‘கால்’, ‘அரைக்கால்’ எனச் சொல்லாலும் எழுதிவிட்டால் எழுத்துரு இல்லாதவரும் படித்துக்கொள்வர்.