பின்னே நோக்கும் கண்

சென்ற ஆண்டு என் தமக்கையின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். வந்தவன் கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து வராமல், துவிச்சக்கர வண்டியிலேயே ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை வந்து சேர்ந்தான். வெயிலில் கறுத்துப் போயிருந்த அவனைக் கண்டு வீட்டிலுள்ளோர் கவலைப்பட, நானோ அவனது வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கையின் கீழே, பின்பக்கம் நோக்கி, தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிதான ஒரு கறுப்புப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. அது என்னவென்று கேட்டேன். "மாமா, அது ரேடார். பின்னால் வருகின்ற வாகனத்தை நூற்று நாற்பது மீற்றருக்கு அப்பாலேயே கண்டு எனக்குச் சொல்லிவிடும்" என்றான்.

ரேடார் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் அச்சொல்லுக்கு ஒரு பழைய கனம் உண்டு. எலிசபெத் முனையில் காவல் இருந்து, கடலுக்கு அப்பால் வந்த பெரும்படையைக் கண்டுபிடித்த கருவியின் பெயர் அது. அதைத் துவிச்சக்கர வண்டியின் இருக்கைக்குக் கீழே காண்பேன் என்று நான் நினைத்ததில்லை. சிரிப்பு அடங்கிய பின்னர், இக்கருவியால் பயன் உண்டா என்ற வினா எழுந்தது. வரலாறு படிப்பிப்பவனுக்கு எந்த வினாவுக்கும் பின்னோக்கிச் சென்று விடை தேடுவதே பழக்கம். ஆகவே நேயர்களையும் சிறிது தூரம் பின்னே அழைத்துச் செல்கின்றேன்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம். சிங்கப்பூர் பெப்ரவரியிலேயே யப்பானியர் கையில் வீழ்ந்துவிட்டது. நகுமோ என்னும் கடற்படைத் தளபதியின் கீழ் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையை நோக்கி வந்தன. ஏப்பிரல் 4ஆம் நாள், கனடிய விமானப்படையைச் சேர்ந்த பேர்ச்சல் என்பவர் செலுத்திய கட்டலீனா விமானம் இலங்கைக்குத் தெற்கே அக்கடற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பியது. ஆகவே அடுத்தநாள் உயிர்த்த ஞாயிறன்று தாக்குதல் நிகழக்கூடும் என்பது கொழும்புக்குத் தெரிந்தே இருந்தது. கொழும்பில் ரேடாரும் இருந்தது. அவ்வாறிருந்தும், யப்பானிய விமானங்கள் தலைக்கு மேலே வந்த பின்னரே இரத்மலானை விமானநிலையத்தில் நின்ற ஹரிக்கேன் விமானங்கள் பரபரப்புடன் மேலெழுந்தன. கருவி காணவில்லையா, கண்டவர் சொல்லவில்லையா, சொன்னது போய்ச் சேரவில்லையா என்பது இன்றும் வாதத்துக்குரிய விடயம். எதுவாயினும், கண் இருந்தும் காவல் இருக்கவில்லை.

நான்கு நாள் கழித்து, ஏப்பிரல் 9ஆம் நாள், எங்கள் ஊரின் முறை வந்தது. இங்கே நடந்தது வேறு. காலை 7 மணி 6 நிமிடத்துக்கு எலிசபெத் முனையிலிருந்த ரேடார் நிலையம், 91 மைல் தொலைவில் வந்துகொண்டிருந்த விமானக் கூட்டத்தைக் கண்டுபிடித்தது. அக்கூட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் இருந்தன. அவை வந்த வேகத்துக்கு 91 மைல் என்பது ஏறக்குறைய அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்துக்குள் சீனக்குடா விமானநிலையத்து ஹரிக்கேன்கள் மேலெழுந்துவிட்டன. கொழும்பைப் போல நிலத்தில் அகப்பட்டுக்கொள்ளாமல், வானத்தில் எதிர்கொண்டன.

எதிர்கொண்டன என்று சொன்னதும் வென்றன என்று எண்ணிவிடக்கூடாது. மேலெழுந்தவற்றுள் பல திரும்பவில்லை. விமானநிலையமும் துறைமுகத்துப் பட்டறைகளும் குண்டுகளுக்கு இரையாயின. சகாயிங் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றியது. நெடுங்காலம் துறைமுகத்து நீரடியில் கிடந்த அக்கப்பலை 2018ஆம் ஆண்டில்தான் எங்கள் கடற்படையினர் மேலே தூக்கினர். எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று எரிந்து, பல நாள் கரும்புகை கக்கியது. அப்புகையைத் தாம் கன்னியாப் பக்கத்துக் காட்டிலிருந்து பார்த்ததாக என் பாட்டியார் சொல்லுவார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. பகலிலே விளக்கேற்ற வேண்டியிருந்தது என்பார். அது மிகையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் அதை ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தாக்குதல் வரும் என்ற எச்சரிக்கை கிடைத்தபடியால், முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தது. எச்சரிக்கை சரியானது, வெளியேறியதும் சரியானதே. ஆனால் அக்கப்பலில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானியர் அதைக் கண்டு மூழ்கடித்தனர். 307 பேர் மாண்டனர். துணைக்குச் சென்ற வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. உதவிக்கு அனுப்பப்பட்ட விமானங்கள் எல்லாம் முடிந்த பின்னரே வந்தன. எச்சரிக்கை கிடைத்தவனுக்கு ஒதுங்க இடமும் வேண்டும், ஒதுங்கிய இடத்தில் காப்பும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சியை விடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

ரேடார் பிறந்த கதை வானொலி நேயர்களாகிய உங்களுக்கு உரியது. 1904ஆம் ஆண்டிலேயே ஹூல்ஸ்மேயர் என்னும் ஜேர்மானியர், ஆற்றிலே வரும் கப்பலை மின்காந்த அலையால் உணரும் கருவியொன்றைக் கொலோன் நகரில் செய்து காட்டினார், வாங்குவார் இல்லை. பின்னர் 1935ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள், வாட்சன் வாட், வில்கின்ஸ் என்னும் இருவர் இங்கிலாந்தின் டாவன்றியில் ஒரு சோதனை நடத்தினர். அதற்கென அவர்கள் தனியே ஓர் அலைபரப்பியை அமைக்கவில்லை. அங்கிருந்த பி.பி.சி. நிலையம் தன் போக்கில் பரப்பிக்கொண்டிருந்த சிற்றலையே பறக்கும் விமானத்தில் பட்டுத் தெறித்து வந்தது. அதை அவர்கள் பிடித்துக் காட்டினர். பாட்டும் பேச்சும் சுமக்கும் அலையே காவலும் காத்தது என்பதில் ஒலிபரப்பில் ஈடுபட்டோருக்குச் சற்றுப் பெருமை இருப்பது நியாயம்.

இனிப் பின்னே நோக்கும் ரேடாருக்கு வருவோம். இதுவும் இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமை அன்று. இரண்டாம் உலகப் போரின் நடுப்பகுதியில், இரவிலே ஜேர்மனி மீது பறந்த பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்களின் வாலில், மொனிக்கா என்ற பெயருடைய சிறிய ரேடார் பொருத்தப்பட்டது. பின்னால் எதிரி விமானம் நெருங்கினால் விமானியின் காதிலே டிக் டிக் என ஒலிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவ்விமானங்கள் தனித்தனியே பறக்கவில்லை; நூற்றுக்கணக்கில் திரளாகப் பறந்தன. பின்னால் வருவது பகைவனா, தன் தோழனா என்று மொனிக்காவுக்குப் பிரித்தறியத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒலித்தது. ஓயாமல் ஒலிக்கும் எச்சரிக்கையை மனிதன் எத்தனை நேரம் மதிப்பான்?

அதனினும் கொடிய குறை ஒன்று பின்னர் வெளிப்பட்டது. 1944ஆம் ஆண்டு யூலை 13ஆம் நாள், ஜேர்மானிய இரவுப்போர் விமானம் ஒன்று திசை தவறி இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜ் விமானநிலையத்தில் வந்து இறங்கியது. அதைச் சோதித்தபோது பிளென்ஸ்பேர்க் என்னும் ஒரு கருவி அகப்பட்டது. அது எதையும் பரப்புவதில்லை. மொனிக்கா பரப்பும் அலையைக் கேட்டு, அந்த அலை வந்த வழியே சென்று விமானத்தைப் பிடிக்க உதவுவது. காப்பதற்கென வாலில் கட்டிய கண்ணே, "இதோ இருக்கின்றேன்" என்று பகைவனைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தது! மொனிக்கா கழற்றப்பட்டது.

இந்த இடத்தில் மருமகனின் கறுப்புப் பெட்டிக்குத் திரும்புகின்றேன். தென்னாபிரிக்காவைச் சேர்ந்த ஐக்குபு என்னும் சிறு நிறுவனம் முதலில் உருவாக்கியதை, 2015ஆம் ஆண்டில் கார்மின் நிறுவனம் வாங்கி, வேரியா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் அலை ஒரு வினாடிக்கு 2,400 கோடி முறை அதிர்வது. நெருங்கி வரும் வாகனத்தில் பட்டுத் திரும்பும்போது அந்த அதிர்வு சற்றுக் கூடுகின்றது. புகையிரதம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் ஒலி கூர்மையாவதை நினைவுகொள்ளுங்கள். 1842ஆம் ஆண்டில் டொப்ளர் என்னும் அறிஞர் விளக்கிய விதி இதுவே. நம்மை விட மணிக்கு 60 கிலோமீற்றர் கூடுதல் வேகத்தில் வரும் வாகனத்தால் ஏற்படும் கூட்டல் வினாடிக்கு ஏறக்குறைய 2,670 அதிர்வுகள். இதிலிருந்து கருவி வேகத்தைக் கணிக்கின்றது. நம் வேகத்திலேயே பின்தொடரும் வாகனத்தை, கூட்டல் இல்லாமையால், அது காணாது விடவும் கூடும்.

எலிசபெத் முனைக்குக் கிடைத்தது அரைமணி நேரம். துவிச்சக்கர வண்டிக்காரனுக்கு? அவன் மணிக்கு 20 கிலோமீற்றரில் செல்ல, பஸ் 70இல் வந்தால், 140 மீற்றர் இடைவெளி பத்து வினாடியில் தீர்ந்துவிடும். பத்து வினாடி சிறிது போலத் தோன்றும். எண்ணிப் பாருங்கள், அது சிறிதன்று. கையை இறுக்கிப் பிடிக்கலாம், குழியை விட்டு விலகலாம், வீதி ஓரத்துக்குச் செல்லலாம். ஓரம் என்று ஒன்று இருந்தால்.

ஆடி மாதத்தில் கச்சான் காற்று காதிலே இரையும்போது பின்னால் வருவது லொறியா, ஒன்றுமே இல்லையா என்று தெரியாது. மின்சாரத்தில் ஓடும் வாகனங்களோ காற்றில்லாத நாளிலும் ஓசையின்றி வருகின்றன. காதை நம்பி வண்டி ஓட்டிய காலம் மெல்லக் கழிந்துகொண்டிருக்கின்றது. ஆகவே ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே, காட்டு வீதியில், தனியே, விடியற்புறத்தில் செல்பவனுக்கு இக்கருவி பயனுள்ளதே என்று நான் ஒப்புக்கொள்கின்றேன். திருகோணமலை நகருக்குள் அது மொனிக்காவின் நிலையை அடையும் என்பதையும் மருமகன் தானே ஒப்புக்கொண்டான். கடைத்தெருவில் முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஓயாது பின்னால் வர, அது ஓயாது ஒலித்தது. அவன் அதை அணைத்துவிட்டான்.

இதில் ஒரு விந்தை உண்டு. மொனிக்காவை அழித்தது எதுவோ, அதுவே வண்டிக்காரனைக் காப்பது. விமானத்தின் பின்னால் வந்தவன் பகைவன். அவனுக்கு இருப்பிடம் தெரிந்தால் மரணம். வண்டியின் பின்னால் வரும் சாரதி பகைவன் அல்லன். அவனுக்கு நம் இருப்பிடம் தெரியாவிட்டால்தான் மரணம். வேரியாவின் பல வகைகளில் சிவப்பு விளக்கும் சேர்ந்தே இருக்கின்றது. வாகனம் நெருங்கும்போது அது வேறுவிதமாக மின்னத் தொடங்கும். ரேடார் வண்டிக்காரனுக்குச் சொல்லுகின்றது. விளக்கு சாரதிக்குச் சொல்லுகின்றது. இவ்விரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் விளக்கு என்பேன்.

தயங்காமைக்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் அப்போது கடமையாற்றிய பாடசாலையின் மாணவன் ஒருவன், விடியுமுன் தனியார் வகுப்புக்கெனக் கண்டி வீதி வழியே வண்டியில் சென்றான். பின்னால் வந்த லொறி மோதியது. அவனது வண்டியில் விளக்கும் இல்லை, சிவப்புக் கண்ணாடியும் இல்லை. சாரதி அவனைக் காணவேயில்லை. செத்தவீட்டுக்குச் சென்றபோது அவனது தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர், பின்னாலை வந்தது பிள்ளைக்குக் கேக்கேல்லையா?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மருமகன் பெட்டியைக் காட்டி அதன் திறமைகளை விவரித்துக்கொண்டிருந்தபோதும் அந்தக் கேள்வியே என் காதில் நின்றது. கேட்டிருந்தால் ஒதுங்கியிருப்பானோ? அவ்விடத்தில் வீதியின் விளிம்பு ஒரு முழம் பள்ளம், எங்கே ஒதுங்குவது?

அப்பெட்டியின் விலை ஏறக்குறைய 200 அமெரிக்க டாலர். என் மாணவர்களுள் பலரது வண்டியே அவ்விலை பெறாது. சிவப்புக் கண்ணாடியோ, ஒரு பாணின் விலையை விடச் சிறிது கூடும். இவ்வாறு நான் சொன்னபோது மருமகன் மறுக்கவில்லை. "மாமா, நான் தனியாகத் தூரம் போகிறவன். உங்கள் பிள்ளைகள் ஒரே வீதியில் தினமும் போகிறவர்கள். அவர்களுக்குக் கருவியை விட வீதி ஓரந்தான் வேண்டும்" என்றான். எனக்குப் பாடம் படிப்பிக்க வந்துவிட்டானே என்று ஒருகணம் தோன்றியது. ஆனால் சொன்னது சரி.

அவன் திரும்பிச் செல்லும்போது தன் கறுப்புப் பெட்டியைக் கொண்டுபோனான். அதன்பின் காலையில் பாடசாலை வாயிலில் நிற்கும்போது நான் மாணவரின் முகத்தைப் பார்க்குமுன் அவர்களது வண்டியின் பின்சக்கர மட்காட்டைப் பார்க்கப் பழகிவிட்டேன். சிவப்புக் கண்ணாடி உடைந்தவர்கள் என்னைக் கண்டதும் வண்டியைச் சுவரோடு ஒட்டி, பின்பக்கம் மறையும்படி நிறுத்துகின்றார்கள்.